குறுக்கே கிடந்த புளியமரம்

சாலையின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அன்று மதியத்துக்கு மேல்தான் வெட்டியிருக்க வேண்டும், இலை இன்னும் வாடவில்லை. கிளைகளில் பச்சைப் பிஞ்சுகள் கொத்துக் கொத்தாக இருந்தன. வெட்டிய இடத்திலிருந்து புளிப்பும் ஈரமுமாக ஒரு வாசனை வந்துகொண்டிருந்தது.

மரத்துக்கு இந்தப் பக்கம் நானும் அமுதாவும் நின்றோம். அருவியில் நனைந்த தலை இரண்டு பேருக்குமே சரியாகக் காயவில்லை. அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து ஆண்கள். சிலர் கையில் கோடாலி, சிலர் கையில் அரிவாள். அவர்களில் மூத்தவராகத் தெரிந்த ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“எந்த ஊரு பொண்ணுங்க? இன்னா ஆளுங்க நீங்க?”

எங்கள் பக்கத்தில் ‘இன்னா ஆளு’ என்றால் என்ன சாதி என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது.

அமுதா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

சில வாரங்களுக்கு முன், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த கதையை இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதில் அமுதா என்ற தோழியைப் பற்றி நாலு வரி வந்தது. அதைப் படித்த ஒரு வாசகி, “உங்கள் அமுதா இப்போது எங்கே இருக்கிறார்? அவரைப் பற்றி ஏன் பிறகு எழுதவே இல்லை?” என்று கேட்டிருக்கிறார். கடிதத்தை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக மூன்று வாரம் கழித்துவிட்டேன். இனியும் மழுப்ப முடியாது.

ஊட்டிக்கு லைன் கொடுத்தவர்கள்

கள்ளக்குறிச்சி எக்ஸ்சேஞ்சில் பகல் ஷிப்டில் நாங்கள் இரண்டு பெண்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எதிரே பலகை முழுக்க ஓட்டைகளும் குட்டி விளக்குகளும். விளக்கு எரிந்தால் கார்டை, அதாவது முனையில் பின் வைத்த ஒயரை, அந்த ஓட்டையில் சொருகி “நம்பர் ப்ளீஸ்” என்போம். வெளியூருக்கு ட்ரங்க் கால் புக் பண்ணினால் அந்த ஊர் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு வாங்கிக் கொடுப்போம். மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே புகுந்து, “மூணு நிமிஷம் ஆச்சுங்க, நீட்டிக்கலாமா?” என்று கேட்போம். யாருடைய சண்டையானாலும், யாருடைய சாவுச் செய்தியானாலும் இதே கேள்விதான்.

ஆபரேட்டர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. லைனில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ள மாட்டோம். ஊர்ப் பெயர்தான். “சேலம், கள்ளக்குறிச்சி பேசறேன்.” “சொல்லுங்க கள்ளக்குறிச்சி.” இப்படியே தினம் பேசுவோம். அந்தச் சேலத்துக்கு என்ன வயது, கல்யாணம் ஆயிற்றா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது.

கோடையில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கால் குவியும். அரிசி மண்டிக்காரர்களும் கரும்புக்காரர்களும் குடும்பத்தோடு போக லாட்ஜில் ரூம் கேட்பார்கள். ஒருநாள் அமுதா ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் மலைக்கு லைன் குடுத்துக்கினு உக்காந்துருக்கோம். நம்ம மலைய நீ பாத்துருக்கியாடி கஸ்தூரி?”

நான் பார்த்ததில்லை. மாடியில் துணி காயப்போடும்போது மேற்கே நீலமாகத் தெரியும் கல்வராயன் மலையை அருகில் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அமுதாவும் பார்த்ததில்லை. “அப்ப போலாம். இன்னாத்துக்கு யோசன” என்றாள்.

அவளுக்கு ஊர் சுற்றுவதில் அப்படி ஓர் ஆசை. முதல் சம்பளத்தில் எல்லாரும் அம்மாவுக்குப் புடவை எடுப்பார்கள். அவளும் எடுத்தாள். மிச்சத்தில் தனக்கென்று ஒரு பழுப்பு நிற ஹேண்ட்பேக் வாங்கினாள். சீப்பு, எலுமிச்சம்பழம், பஸ் டிக்கெட்டுகள் என்று என்னவெல்லாமோ அதில் இருக்கும். டிக்கெட்டை ஏன் எறியாமல் வைத்திருக்கிறாய் என்று கேட்டால், “போன எடமெல்லாம் ஞாபகம் இருக்கும்” என்பாள். அப்போது அவள் போயிருந்த இடங்கள் விழுப்புரமும் சிதம்பரமும்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மூன்று வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள், ஒரே டிபன் பாக்ஸில் என்னோடு சாப்பிட்டவள் அமுதா. ஆனால் அவளை நான் ஒரு தடவைகூட என் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. அவளும் வருகிறேன் என்று கேட்டதில்லை. அவள் ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு காலனிப் பெண், வேலைக்காகக் கள்ளக்குறிச்சியில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். எங்கள் வீட்டில் ஏதாவது சொல்லிவிடுவார்கள், அவள் மனம் புண்படும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சினிமாவுக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், மலைக்குப் போகலாம். வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது.

நாளைக்குத்தானே

அது இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் கொதித்துக்கொண்டிருந்த காலம். கேட்டவர்கள் எங்கள் சாதிக்காரர்கள். கேட்டதில் நியாயமும் இருந்தது. என் தம்பி பி.ஏ. முடித்துவிட்டு மூன்று வருடமாகக் கரும்பு வெட்ட ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். அவனும் கூட்டங்களுக்குப் போவான், தொண்டை கட்டித் திரும்பி வருவான்.

அமுதா அதைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. “கேக்கட்டும். கேட்டாதான் கெடைக்கும். எங்களுக்கு மட்டும் சும்மாவா கெடச்சுது” என்பாள்.

அந்த வாரம் முழுக்க எங்கள் பலகையில் ஒரே பேச்சு. சாலை மறியல், பஸ் ஓடாது, மரத்தை வெட்டிப் போடப் போகிறார்கள். காய்கறி மண்டியிலிருந்து மெட்ராஸுக்கு அர்ஜென்ட் கால், அதைவிட அவசரமான லைட்னிங் கால் என்று பறந்தன. சில ஊர்களில் தெருவுக்கும் காலனிக்கும் முறைத்துக்கொண்டிருக்கிறது என்பதும் காதில் விழுந்தது. மறியல் திங்கட்கிழமை காலையில் தொடங்குவதாகத்தான் எல்லாரும் பேசினார்கள்.

எங்களுக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை. காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும், அடுத்த வாரம் போகலாமா என்று அமுதா கேட்டாள். அவள் தயங்கியதற்குக் காரணம் எனக்குப் புரியாமலில்லை. “மறியல் நாளைக்குத்தானே, அதுக்குள்ள வூட்டுக்கு வந்துருவோம்” என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். எதையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கிறோம் என்ற மிதப்பு ஆபரேட்டர்களுக்கு உண்டு. திங்கள் என்று சொல்லிவிட்டால் ஞாயிறு சாயங்காலம் கோடாலியை எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

தேன் அபிஷேகம்

முதல் பஸ்ஸில் ரிஷிவந்தியம் போனோம். ஊரைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் அர்த்தநாரீசுவரரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது அமுதாவின் திட்டம். அங்கே லிங்கத்துக்குத் தேன் அபிஷேகம் செய்யும்போது மட்டும் அதில் அம்பாளின் உருவம் தெரியும் என்பார்கள்.

கோயிலில் கூட்டம் அதிகமில்லை. கல் தரை குளிர்ந்து கிடந்தது. தூண்களில் யாளிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தோம். அமுதா மெதுவாகச் சொன்னாள், “எங்கம்மா நடவு வயல்ல நின்னுக்கினு இந்தக் கோபுரத்தப் பாத்துருக்கு, அவ்ளோதான். உள்ள வந்ததில்ல.” சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

தேன் வழிந்தபோது அவள் கால் நுனியில் எம்பி நின்றாள். விளக்கு வெளிச்சத்தில் தேன் பளபளவென்று இறங்கியது. “தெரியுது. இடுப்பு வளைவு தெரியுது. ஒனக்குத் தெரியுதா?” என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்னால் நின்றவரின் முதுகு மறைத்தது. “தெரியுது, தெரியுது” என்றேன். இவ்வளவு சந்தோஷமாகக் கேட்கிறவளிடம் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய் அது.

மலை மேல்

கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி, கச்சிராயபாளையம் பஸ் பிடித்து, கோமுகி அணையில் இறங்கினோம். புரட்டாசி பிறக்கப்போகிற நேரம். தண்ணீர் பாதி அணைக்குத்தான் இருந்தது. கரையில் உட்கார்ந்து புளிச்சோற்றைத் தின்றோம். அணையைப் பார்த்துவிட்டு அமுதா, “இது நம்ம குளம் மாதிரிதான்டி இருக்கு, கொஞ்சம் ஜாஸ்தி” என்று சொன்னது நினைவிருக்கிறது.

அங்கிருந்து வெள்ளிமலை பஸ். ஒவ்வொரு வளைவிலும் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். எனக்கு வயிற்றைப் புரட்டியது. அவள் ஹேண்ட்பேக்கிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து என் மூக்கருகில் நீட்டினாள். பிறகு பஸ்ஸை விட்டு இறங்கும் வரை அது என் கையிலேயே இருந்தது.

பெரியார் அருவியில் இறங்கிக்கொண்டோம். பாறை மேல் அகலமாக வழிந்து விழுகிற தண்ணீர். பிரமாதம் என்று சொல்ல முடியாது. அதன் பிறகு எத்தனையோ பெரிய அருவிகளைப் பார்த்துவிட்டேன். ஆனால் அமுதா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் போய்க் கண்ணை மூடி நின்றதுபோல் வேறு யாரும் ஓர் அருவியில் நின்று நான் பார்த்ததில்லை. கூப்பிட்டும் வரவில்லை. நானும் உள்ளே போனேன். தலையில் சடசடவென்று விழுந்த தண்ணீரில் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் அப்படிக் குளிர்ந்தது.

சாலையோரத்தில் ஒரு மலைக்காரப் பெண் சீத்தாப்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். எங்கள் ஈரத்தலைகளைப் பார்த்துவிட்டு, “அக்கா தங்கச்சியா?” என்று கேட்டாள்.

“ஆமாங்க, எங்க சித்தப்பா பொண்ணு” என்றாள் அமுதா என்னைக் காட்டி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அந்தப் பெண் நம்பிவிட்டாள், மூக்கு ஒரே மாதிரி இருக்கிறது என்றுகூடச் சொன்னாள். பஸ் வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அன்றைய நாள் அதோடு முடிந்திருக்கலாம்.

மறுபடியும் அந்த மரம்

கச்சிராயபாளையம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. “மேல போவாதுங்க. இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க” என்று கண்டக்டர் எல்லாரையும் இறக்கிவிட்டார். மற்றவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள், வரப்பு வழியாகப் பிரிந்து போனார்கள். கள்ளக்குறிச்சிக்கு நடந்தது நாங்கள் இருவர்தான். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் அந்தப் புளியமரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

“இன்னா ஆளுங்க நீங்க?”

அமுதா வாயைத் திறந்ததும் நான் முந்திக்கொண்டேன். “நம்ம ஆளுதாங்க. இது எங்க சித்தப்பா பொண்ணு.” மலையில் அவள் விளையாட்டாகச் சொன்னதே என் வாயில் வந்தது.

“உங்கப்பா யாரு?”

சொன்னேன். சின்னசேலம் பக்கத்தில் எங்கள் ஊரின் பெயரையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

“அட, முத்துசாமி பொண்ணா? அவரு எனக்கு ஒரு வகையில மாமன் மொற ஆவணும். டேய், சொம்ப எட்றா. பொண்ணுங்க நடந்து வந்துருக்கு பாரு.”

தண்ணீர் கொடுத்தார்கள். நான் குடித்தேன். அமுதாவும் அதே சொம்பில் குடித்தாள். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. கிளைகளை வெட்டி ஒதுக்கி வழி பண்ணினார்கள். பெரியவரே அமுதாவின் கையைப் பிடித்து மரத்தின் மேல் ஏற்றித் தங்கள் பக்கம் இறக்கிவிட்டார். “பாத்தும்மா, வழுக்கும்” என்றார். கெட்ட மனிதர் என்று இன்றுவரை என்னால் அவரைச் சொல்ல முடியவில்லை.

“எங்க போய்ட்டு வர்றீங்க?” என்று கேட்டார்.

“அருவி பாக்கப் போனோங்க. டெலிபோன் ஆபீஸ்ல வேல.”

“பாத்துட்டு வாங்க, இன்னா இப்போ. சாணிக்கூடய தூக்கிக்கினு இருந்த காலனிப் பொண்ணுங்களே இப்ப ஹேண்ட்பேக்க மாட்டிக்கினு டிப்டாப்பா ஆபீஸ் போவுது. நம்ம பொண்ணுங்க போனா இன்னா கொறஞ்சுடும்?” என்றார். கூடவே கூடை தூக்கி நடக்கிற மாதிரி இடுப்பை ஆட்டி, உடனே பையை மாட்டி நடக்கிற மாதிரியும் நடந்து காட்டினார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு கும்பிட்டுவிட்டு நடந்தோம். கள்ளக்குறிச்சி விளக்குகள் தெரியும் வரை அமுதா எனக்கு நாலடி பின்னாலேயே வந்தாள். பயம், களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சமயத்தில் மூளை வேலை செய்ததே, இவளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோமே என்று.

அவள் தெரு முனையில் நின்று சொன்னாள், “சரி, நான் வரேங்க.”

வரேங்க. மூன்று வருடமாக என்னை ‘டீ’ போட்டவள்.

திருக்கோவிலூர்

மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கியபோது அமுதா மஞ்சள் துணிப்பை ஒன்றில் டிபன் பாக்ஸைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். அந்தப் பழுப்பு ஹேண்ட்பேக்கை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. சண்டை இல்லை, சிடுசிடுப்பு இல்லை. “கஸ்தூரி மேடம், சேலம் லைன் கெடச்சுதுங்களா?” அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் மாற்றல் கேட்டுத் திருக்கோவிலூருக்குப் போய்விட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகுதான் நாங்கள் ஓயாமல் பேசிக்கொண்டோம். ஒரு நாளைக்குப் பத்து தடவை, இருபது தடவை.

“திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி பேசறேன்.”

“சொல்லுங்க கள்ளக்குறிச்சி.”

“ரெண்டு நாலு ஒன்பது குடுங்க.”

“ரிங் போகுது. பேசச் சொல்லுங்க.”

இப்படியே வருடங்கள் போயின. அவளுக்குக் கல்யாணம் ஆனது இன்னொரு ஆபரேட்டர் சொல்லித்தான் தெரியும். ஜலதோஷம் பிடித்தால் அவள் குரலில் தெரியும். மருந்து சாப்பிட்டாயா என்று கேட்க நினைப்பேன். நம்பரைக் கேட்டுவிட்டுக் கார்டை உருவிவிடுவேன்.

என் பொய்தான் காரணம் என்று நான் உறுதியாக நம்பினேன். அவளுடைய சாதியை அவள் வாயால் சொல்லவிடாமல் மறைத்துவிட்டேன், அதுதான் அவமானமாகப் பட்டிருக்கும். கடைசியில் ஒரு கடிதம் எழுதினேன். உன்னை வேறு ஆள் என்று சொன்னது தப்பு, மன்னித்துவிடு என்று. பதில் வரவில்லை.

ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. நம்பரைச் சுழற்றினால் தானாகவே போகுமாம், இனி நடுவில் ஆள் வேண்டாம். பழைய பலகைக்குக் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன், திருக்கோவிலூர் விளக்கு எரிந்தது.

“கள்ளக்குறிச்சி.”

“சொல்லுங்க திருக்கோவிலூர். இன்னா நம்பர்?”

“நம்பர் இல்ல. ஒன் லெட்டரு வந்துச்சு.”

‘உங்க’ இல்லை, ‘ஒன்’ என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“பதிலே போடலியே நீ.”

“பொய் சொன்னதுக்கு இன்னாத்துக்குடி மன்னிப்பு? அன்னிக்கு நான் வாயத் தொறந்தேன், இன்னா சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. நீ பயந்துக்கினு சொன்ன. அத நான் அப்பவே வுட்டுட்டேன்.” லைனில் இரைச்சல் கேட்டது. “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த ஆளு ஹேண்ட்பேக்கு மாட்டிக்கினு நடந்து காட்டுனாரே, அதுக்கு நீ சிரிச்ச. அதுவும் பயத்துல வந்ததுதானா?”

ஆமாம் என்று சொன்னால் போதும். அவள் அதைக் கேட்கத்தான் காத்திருந்தாள். இத்தனை வருடம் கழித்து அவளே கூப்பிட்டு அந்த வார்த்தையை என் வாயருகில் கொண்டுவந்து நீட்டினாள். கோயிலில் தெரியாத அம்பாளைத் தெரிகிறது என்று சொன்ன எனக்கு அது பெரிய காரியமில்லை.

ஆனால் பலகையில் இன்னொரு விளக்கு எரிந்தது. “பார்ட்டி வெயிட்டிங்” என்று சொல்லிவிட்டு நான் கார்டை உருவிவிட்டேன்.

கடிதம் எழுதிய வாசகிக்கு, அமுதா இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. திருக்கோவிலூரில் விசாரித்துப் பார்த்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகளோடு வேறெங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். இந்தப் பத்திரிகை அவள் கைக்குப் போகுமோ என்னவோ.

போனால், அன்றைக்குச் சொல்லாத பதில் இது. இல்லை அமுதா, பயத்தில் வந்தது பொய் மட்டும்தான். சிரிப்பு தானாக வந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதிரிப் பேச்சுக்குச் சின்ன வயதிலிருந்து சிரித்துச் சிரித்துப் பழகியிருந்தேன். அவர் நடந்து காட்டியபோது எனக்கு நிஜமாகவே வேடிக்கையாக இருந்தது. நீ பக்கத்தில் நிற்கிறாய் என்பது அப்போது என் நினைவிலேயே இல்லை.